பதினேழிலிருந்து பூச்சியம் வரை: மலேரியா எமக்குக் கற்பித்த பாடம்

எனது பெரியப்பா 1934ஆம் ஆண்டில் குருநாகல் மாவட்டத்திலுள்ள சிறியதொரு புகையிரத நிலையத்தில் உதவி நிலைய அதிபராகக் கடமையாற்றியவர். யாழ்ப்பாணத்திலிருந்து அரசாங்க உத்தியோகம் பார்க்கத் தெற்கே சென்ற அந்தத் தலைமுறையினர் பலரைப் போலவே, ஓய்வு பெற்று ஊர் திரும்பிய பின்னர் சாய்மனைக் கதிரையில் அமர்ந்தபடி பழைய கதைகளைச் சொல்வதில் அவருக்கு அலாதிப் பிரியம். ஆனால், அந்த ஆண்டின் கதையைச் சொல்லும்போது மாத்திரம் அவரது குரல் தாழ்ந்துவிடும். நிலையத்தின் முன்னால் இருந்த மரத்தடியில் மாட்டுவண்டிகளில் கொண்டுவந்து கிடத்தப்பட்ட நோயாளிகளையும், அவர்களுள் சிலர் புகையிரதம் வருவதற்கு முன்னரே இறந்துபோனதையும் சொல்லிவிட்டு, ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வியைக் கேட்டு முடிப்பார்: "மழை பெய்யாத வருசத்திலை நுளம்புக் காய்ச்சல் வந்தது எண்டால் ஆர் நம்புவினம்?"

நாங்கள் சிறுவர்கள். அந்தக் கேள்விக்கு எங்களிடம் விடை இருக்கவில்லை. மழை பெய்தால் நீர் தேங்கும், நீர் தேங்கினால் நுளம்பு பெருகும், நுளம்பு பெருகினால் காய்ச்சல் வரும் என்றுதான் பாடசாலையில் படித்திருந்தோம். பத்திரிகைத் தொழிலுக்கு வந்து பல ஆண்டுகள் கழிந்த பின்னரே, பெரியப்பாவின் கேள்விக்குள் தொற்றுநோயியல் என்ற விஞ்ஞானத்தின் அரிச்சுவடி முழுவதும் அடங்கியிருந்தது என்பதை விளங்கிக்கொண்டேன்.

வரட்சி கொண்டுவந்த காய்ச்சல்

இலங்கையின் வரண்ட வலயத்துக்கு மலேரியா புதிதன்று. அநுராதபுரம், வன்னி, அம்பாந்தோட்டை முதலிய பகுதிகளில் அது ஆண்டுதோறும் வந்துபோகும் விருந்தாளி. வன்னிக்குப் போனால் காய்ச்சலோடுதான் திரும்புவாய் என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் எச்சரிப்பது வழக்கம். ஈரவலயத்தின் நிலைமை வேறு. தெதுறு ஓயா, மகா ஓயா, களனி கங்கை ஆகியன ஆண்டு முழுவதும் ஓடிக்கொண்டிருப்பவை. ஓடும் நீரில் நுளம்பின் குடம்பிகள் தங்கி வளர முடியாது. வெள்ளம் அவற்றை அடித்துச் சென்றுவிடும்.

1934இல் தென்மேல் பருவப்பெயர்ச்சி மழை பொய்த்தது. ஆறுகள் ஓடுவதை நிறுத்தின. மணற்படுகைகளிலும் பாறை இடுக்குகளிலும் தெளிந்த நீர் குட்டைகளாகத் தேங்கி நின்றது. வெயில் படும் இத்தகைய தெளிந்த குட்டைகளே அனோபிலிஸ் கியூலிசிபேசிஸ் என்னும் நுளம்புக்கு மிக உகந்த பிறப்பிடம். எச்.எவ். காட்டர் என்ற பூச்சியியல் அறிஞர் 1920களிலேயே இந்த இனந்தான் இலங்கையில் மலேரியாவைப் பரப்பும் பிரதான நுளம்பு என்று இனங்கண்டிருந்தார். வரண்ட வலயத்தில் மழை செய்யும் வேலையை ஈரவலயத்தில் வரட்சி செய்தது. பெரியப்பாவின் கேள்விக்கு விடை இதுதான். மழையின் அளவல்ல, நீர் நிற்கிறதா ஓடுகிறதா என்பதே அங்கு முக்கியமாயிற்று.

ஆனால், விடையின் ஒரு பாதிதான் இது. மற்றப் பாதி மனித உடலில் இருக்கிறது. வரண்ட வலயத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் சிறுவயது முதலே மீண்டும் மீண்டும் நோய்க்கு ஆளாகி, ஓரளவு எதிர்ப்புச் சக்தியைப் பெற்றிருந்தனர். அதற்கு அவர்கள் கொடுத்த விலை பெரிது. வீங்கிய மண்ணீரலோடு திரியும் குழந்தைகளை அந்தக் கிராமங்களில் சாதாரணமாகக் காணலாம். பாடசாலைப் பிள்ளைகளின் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, நூற்றுக்கு எத்தனை பேருக்கு மண்ணீரல் வீங்கியிருக்கிறது என்று கணக்கிட்டே அக்கால வைத்தியர்கள் ஓர் ஊரில் மலேரியா எந்தளவுக்கு வேரூன்றியிருக்கிறது என்பதை மதிப்பிட்டனர். கேகாலை, குருநாகல் மாவட்டங்களின் ஆற்றோர மக்களுட் பெரும்பாலானோருக்கு அந்த எதிர்ப்புச் சக்தி இருக்கவில்லை. போதாக்குறைக்கு, உலகப் பொருளாதார மந்தத்தால் வருமானமும், வரட்சியால் விளைச்சலும் குன்றி, மக்கள் அரைப் பட்டினியில் இருந்தனர்.

நோய்க்கிருமி, அது குடிகொள்ளும் உடல், இவ்விரண்டையும் சூழ்ந்திருக்கும் சூழல் ஆகிய மூன்றும் ஒன்றுகூடும்போதே கொள்ளைநோய் பிறக்கிறது. தொற்றுநோயியலின் முதற்பாடம் இது. 1934ஆம் ஆண்டின் ஒக்ரோபர், நவம்பர் மாதங்களில் இலங்கையில் மூன்றும் ஒன்றுகூடின. அப்போது நாட்டின் மக்கள்தொகை ஏறத்தாழ 53 இலட்சம். 1935ஆம் ஆண்டு முடிவதற்குள் சுமார் 80,000 பேர் மடிந்தனர் என மதிப்பிடப்பட்டுள்ளது.

பஞ்சாபின் மலேரியாக் கொள்ளைநோய்களை ஆராய்ந்து அனுபவம் பெற்றிருந்த கேணல் சி.ஏ. கில் இலங்கைக்கு வந்து அறிக்கை சமர்ப்பித்தார். மருத்துவ சேவைகளின் பணிப்பாளராக இருந்த பிறியர்கிளிவ்வும் ஓர் அறிக்கை எழுதினார். அறிக்கைகளுக்கு அப்பால் அரசியலிலும் அந்தக் காய்ச்சல் தன் தடத்தைப் பதித்தது. சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் மருந்தும் உணவும் சுமந்துகொண்டு கிராமங்களுக்குச் சென்றனர். பருப்பு விநியோகித்த என்.எம். பெரேராவுக்குப் 'பருப்பு மாத்தயா' என்ற பெயர் நிலைத்தது. அவர்கள் 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சியைத் தொடங்கினர். அடுத்த ஆண்டுத் தேர்தலில் என்.எம். பெரேரா ருவன்வெல்லையிலும், பிலிப் குணவர்தன அவிசாவளையிலும் வெற்றி பெற்றுச் சட்டசபைக்குச் சென்றனர். பசித்த வயிற்றில் காய்ச்சல் எவ்வளவு கொடியது என்பதை வைத்தியர்கள் மட்டுமன்றி வாக்காளர்களும் அறிந்திருந்தனர்.

சங்கிலியின் பலவீனமான கண்ணி

மலேரியாவை நுளம்பே பரப்புகிறது என்பதற்கான அடிப்படைச் சான்றை 1897 ஓகஸ்டில் செக்கந்தராபாத்தில் கண்டறிந்தவர் ரொனால்ட் ரோஸ். அவர் பின்னாளில் கணித முறையில் நிறுவிய இன்னோர் உண்மை அந்தளவுக்குப் பேசப்படுவதில்லை. மலேரியாவை ஒழிப்பதற்கு நுளம்புகள் அனைத்தையும் கொல்ல வேண்டியதில்லை. அவற்றின் தொகையை ஒரு குறித்த எல்லைக்குக் கீழே கொண்டுவந்தாலே போதும், நோய் தானாகத் தேய்ந்துவிடும் என்றார் அவர். ஒரு நோயாளியிடமிருந்து சராசரியாக ஒருவருக்கும் குறைவானோருக்கே நோய் தொற்றுமானால், அந்த நோய்க்கு எதிர்காலம் இல்லை. கொரோனாக் காலத்தில் நாம் அனைவரும் தொலைக்காட்சியில் கேட்டுப் பழகிய கணக்கும் இதுவே.

இந்தக் கணக்கில் நுளம்பின் ஆயுள் முக்கியமானது. நோயாளியைக் கடித்த நுளம்பு உடனே நோயைப் பரப்பிவிடாது. அதன் உடலில் ஒட்டுண்ணி முதிர்வதற்குப் பத்து நாட்களோ அதற்கு மேலோ வேண்டும். அதற்குள் நுளம்பு இறந்துவிட்டால் சங்கிலி அறுந்துவிடும். கியூலிசிபேசிஸ் நுளம்பு இரவில் கடித்துவிட்டு வீட்டுச் சுவரில் ஒதுங்கி ஓய்வெடுக்கும் பழக்கமுடையது. எனவே, சுவரில் நஞ்சைப் பூசினால் அது முதுமை அடைவதைத் தடுக்கலாம். இரண்டாம் உலகப் போரின் முடிவில் கிடைத்த டி.டி.ரி. என்ற பூச்சிகொல்லி இதைச் சாத்தியமாக்கியது.

முதுகில் பம்பியைச் சுமந்து, காக்கிக் காற்சட்டையுடன் வீடுவீடாக வந்த அந்த மருந்தடிப்பவர்களை என் வயதொத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மண்சுவரில் வெண்திட்டுக்கள் காய்ந்து நிற்கும். சட்டிபானைகளை முற்றத்தில் அடுக்கிவிட்டு அம்மா முணுமுணுத்துக்கொண்டிருப்பார்.

1946இல் இலங்கையில் சுமார் 28 இலட்சம் மலேரியா நோயாளர் பதிவாகினர். அந்த ஆண்டில் ஆயிரத்துக்கு 20 அளவில் இருந்த இறப்பு வீதம் 1947இல் 14 அளவுக்கு வீழ்ந்தது. இதனை டி.டி.ரி.யின் அற்புதம் என்று உலகமே கொண்டாடியது. ஆனால், மருந்து அடிக்கப்படாத பகுதிகளிலும் இறப்பு வீதம் குறைந்திருந்ததைப் பின்வந்த ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினர். புதிய வைத்தியசாலைகள், பங்கீட்டு அரிசி ஆகியவற்றின் பங்கையும் எண்ணிப் பார்க்கவேண்டும் என்று அவர்கள் வாதிட்டனர். ஒரே காலத்தில் நிகழ்ந்தவை என்பதற்காக ஒன்று மற்றொன்றின் விளைவாகிவிடாது. தொற்றுநோயியலின் இந்த இரண்டாவது பாடம் பத்திரிகையாளர்களுக்கும் பொருந்தும்.

எவ்வாறாயினும் மலேரியாவின் வீழ்ச்சி மெய்யானது. 1963ஆம் ஆண்டில் நாடு முழுவதிலும் இனங்காணப்பட்ட நோயாளர் தொகை பதினேழு. அவர்களுள்ளும் பதினொருவர் வெளிநாட்டில் நோய் தொற்றி வந்தவர்கள். 28 இலட்சம் பதினேழாகச் சுருங்கியது!

வெற்றியே வினையானது

பதினேழு நோயாளருக்காக நாடெங்கும் ஏன் மருந்தடிக்க வேண்டும்? கேள்வி நியாயமானதாகவே தோன்றியது. 1964இல் மருந்தடிப்பு நிறுத்தப்பட்டது. செலவு குறைக்கப்பட்டது. இரத்தப் பூச்சு எடுத்துச் சோதிக்கும் வேலையும் தளர்ந்தது. நோயாளரைத் தேடுவோர் குறைந்தபோது, கண்டுபிடிக்கப்படும் நோயாளரும் குறைந்தனர். ஏட்டில் எண் சிறியதாக இருந்தது. காட்டோரக் குடியேற்றங்களிலும், சேனைப் பயிர்ச்செய்கைக்கும் இரத்தினக்கல் அகழ்வுக்கும் சென்றவர்களின் குடில்களிலும் ஒட்டுண்ணி உயிரோடிருந்தது. இரத்தினக்கல் தோண்டிவிட்டுக் கைவிடப்பட்ட குழிகளில் நீர் தேங்கியது. தோண்டியவர்கள் ஊர் திரும்பும்போது நோயையும் கூடவே எடுத்துச் சென்றனர். 1967, 1968ஆம் ஆண்டுகளில் காய்ச்சல் மீண்டும் மூண்டது. 1969இல் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது.

இங்கு ஒரு தவறான கதையைத் திருத்த வேண்டியுள்ளது. றேச்சல் காசன் 1962இல் எழுதிய நூலால் எழுந்த எதிர்ப்புக்கு அஞ்சியே இலங்கை டி.டி.ரி.யை நிறுத்தியது என்றும், அதனாலேயே மலேரியா திரும்பியது என்றும் சிலர் இன்றுவரை எழுதி வருகின்றனர். இலங்கையில் மருந்தடிப்பு நிறுத்தப்பட்டது எவருடைய எதிர்ப்பினாலுமன்று. வேலை முடிந்துவிட்டது என்ற நம்பிக்கையினால். நோய் திரும்பியதும் 1968இல் டி.டி.ரி. மீண்டும் அடிக்கப்பட்டது. ஆனால், அதற்குள் நுளம்பு அதனைத் தாங்கப் பழகிவிட்டது. 1970களின் பிற்பகுதியில் மலத்தியோனுக்கு மாற வேண்டியதாயிற்று.

1969இன் அந்த ஐந்து இலட்சத்தில் நானும் ஒருவன். கிளிநொச்சியில் மாமாவின் வயலில் அரிவு வெட்டுக்கு உதவியாக நின்றுவிட்டு ஊர் திரும்பிய சில நாட்களில் குளிர் எடுத்தது. போர்வைகள் மூன்றைப் போர்த்தியும் கட்டில் நடுங்கியது. பின்னர் நெருப்பாய்ச் சுட்டது. பின்னர் வியர்வை. அடுத்த நாள் ஒன்றும் நடவாதது போல எழுந்து நடமாடினேன். மறுநாள் மீண்டும் குளிர். வைத்தியசாலையில் இரத்தம் பரிசோதித்து இரண்டு வகை மாத்திரைகள் தந்தார்கள். காய்ச்சல் விட்டதும், வயிற்றைக் குமட்டுகிறது என்று இரண்டாவது வகையைக் கிணற்றடியில் எறிந்துவிட்டேன். சில மாதங்களின் பின் காய்ச்சல் திரும்பி வந்தது. வைவக்ஸ் வகை ஒட்டுண்ணி கல்லீரலில் உறங்கிக் கிடக்கக்கூடியது என்பதும், உறங்குவதைக் கொல்லவே அந்த இரண்டாவது மாத்திரை என்பதும் எனக்குத் தெரியாது. அந்த மாதங்களில் எனது இரத்தத்தைக் குடித்த நுளம்புகள் எவரெவரைக் கடித்தனவோ, அதுவும் தெரியாது. ஒரு நாடு செய்த தவறை ஒரு தனிமனிதனாக நானும் செய்தேன். அறிகுறி மறைந்ததை நோய் மறைந்ததாக எண்ணினேன்.

செய்தியாகாத செய்தி

அதைவிடப் பெரிய தவறொன்றை ஒரு பத்திரிகையாளனாகச் செய்தேன். 1986ஆம் ஆண்டின் பிற்பகுதி. செய்தி மேசையில் இருந்தேன். குடியேற்றக் கிராமமொன்றிலிருந்து எமது பிராந்திய நிருபர் சிறிய குறிப்பு ஒன்றை அனுப்பியிருந்தார். கிராமிய வைத்தியசாலையில் காய்ச்சலுக்கு மருந்தெடுப்போர் வரிசை வழக்கத்தைவிட நீண்டுவிட்டது, இரத்தப் பரிசோதனை முடிவு வர நாட்கணக்காகிறது என்பதே விடயம். மரணம் எதுவுமில்லை. அமைச்சர் எவரும் எதுவும் சொல்லவில்லை. நாடு பற்றி எரிந்துகொண்டிருந்த காலம். முன்பக்கத்துக்கும் உள்பக்கங்களுக்கும் குண்டுவெடிப்புச் செய்திகளே போதுமானவையாக இருந்தன. அந்தக் குறிப்பை ஒதுக்கி வைத்தேன். அடுத்த நாள் மீண்டும் ஒதுக்கினேன். அதன்பின் அது குப்பைக் கூடைக்குப் போயிற்று.

1987இல் நாட்டின் மலேரியா நோயாளர் தொகை ஆறு இலட்சத்தைத் தாண்டியது. அந்த நிருபர் சில மாதங்கள் கழித்துக் கந்தோருக்கு வந்தார். தனது குறிப்பு ஏன் வெளிவரவில்லை என்று அவர் கேட்கவில்லை. மகளுக்கும் காய்ச்சல் வந்து மாறியது என்று மட்டும் சொன்னார். பிள்ளை மெலிந்துவிட்டாளாம். நான் தேநீர் வரவழைத்துக் கொடுத்தேன். வேறென்ன செய்ய?

அந்தக் குறிப்பைப் பிரசுரித்திருந்தால் கொள்ளைநோய் நின்றிருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால், வழக்கத்துக்கு மாறாக நீண்ட ஒரு வரிசையை எவரோ ஒருவர் கவனித்து, எண்ணி, மேலே அறிவிப்பதுதான் தொற்றுநோய்க் கண்காணிப்பின் உயிர்நாடி. அந்த மனிதர் அதனைச் செய்தார். மேலே இருந்த நான் அதனை வாங்கிக்கொள்ளவில்லை. மரணம் நிகழ்ந்தால் அது செய்தி. மரணம் தவிர்க்கப்பட்டால் அது செய்தியன்று என்பது எங்கள் தொழிலின் எழுதாத சட்டம்.

யுத்தத்தின் நடுவிலும்

1999ஆம் ஆண்டில் மீண்டும் இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்ட நோயாளர் பதிவாகினர். வடக்கும் கிழக்கும் மிகவும் பாதிக்கப்பட்டன. இடம்பெயர்ந்து மரங்களின் கீழும் தறப்பாள் கொட்டில்களிலும் வாழ்ந்தவர்களுக்கு மருந்தடிக்கச் சுவர்களே இருக்கவில்லை. நுளம்புவலை ஒன்றே அவர்களுக்குச் சுவராயிற்று. அந்த நிலையிலும் மலேரியாத் தடை இயக்கத்தின் ஊழியர்கள் வேலையைக் கைவிடவில்லை. மருந்துகளும் வலைகளும் மனிதாபிமான அமைப்புகளின் துணையோடு காவலரண்களைக் கடந்து சென்றன. ஓரிடத்தில் தங்காத மக்களிடம் நடமாடும் சிகிச்சை நிலையங்கள் சென்றன. காய்ச்சல்காரர்கள் வரும்வரை காத்திராமல், அவர்களைத் தேடிச் சென்று விரலில் குத்தி இரத்தம் எடுத்தார்கள்.

நோயாளர் தொகை ஆண்டுக்காண்டு சரிந்தது. 2012 ஒக்ரோபரில் உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளி பதிவானார். 2016 செப்ரெம்பர் 5ஆம் திகதி, இலங்கை மலேரியா அற்ற நாடு என உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. தென்கிழக்காசியப் பிராந்தியத்தில் மாலைதீவுக்கு அடுத்தபடியாக அந்தத் தகுதியைப் பெற்ற நாடு எங்களுடையது. இந்த இனங்கள் சேர்ந்து நடத்திய போர்களுள் உண்மையில் வெல்லப்பட்டது இந்த ஒன்றுதான் என்று அன்றைய தினம் நண்பர் ஒருவரிடம் சொன்னேன்.

அந்த மகிழ்ச்சி அடங்குவதற்குள் இன்னொரு செய்தி வந்தது. 2016 டிசம்பரில் மன்னாரில், இலங்கையில் அதுவரை கண்டறியப்படாத அனோபிலிஸ் ஸ்ரெபென்சி என்ற நுளம்பினம் இனங்காணப்பட்டது. இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் நுளம்பு இது. ஆற்றங்கரைக் குட்டைகளைத் தேடி அது போவதில்லை. வீட்டுக் கிணற்றிலும் தண்ணீர்த் தாங்கியிலும் பெருகும். 1934இல் தப்பிக்கொண்ட நகரவாசிகள் அடுத்த முறை தப்பாமற் போகலாம் என்பதே இதன் பொருள்.

2018 டிசம்பரில் மொனராகலையில், வெளிநாட்டிலிருந்து நோயுடன் வந்த ஒரு தொழிலாளியிடமிருந்து உள்ளூர்வாசி ஒருவருக்கு மலேரியா தொற்றியது. விடயம் உடனே கண்டுபிடிக்கப்பட்டது. சுற்றுப்புறத்தில் இருந்தவர்களின் இரத்தம் பரிசோதிக்கப்பட்டது, நுளம்புகள் ஆராயப்பட்டன, மருந்தடிக்கப்பட்டது. ஒருவரோடு அது நின்றது. 1960களின் நடுப்பகுதியில் செய்யத் தவறியதை 2018இல் செய்தார்கள். அந்த ஒருவரைக் கண்டுபிடிக்க ஒரு வைத்தியர், சந்தேகப்பட ஒரு மனம், நுணுக்குக்காட்டியின் முன் அமர ஒரு தொழினுட்பவியலாளர், அவர்களுக்குச் சம்பளம் கொடுக்க ஓர் அரசாங்கம் என அனைத்தும் தேவைப்பட்டன. நோயே இல்லாத நாட்டில் இவர்கள் எதற்கு என்று வரவுசெலவுத் திட்டம் தயாரிப்பவர்கள் கேட்பது இயல்பு. 1963இலும் அப்படித்தான் கேட்டார்கள்.

நோய் பூச்சியமாவது வேறு, நோய் வருவதற்கான வாய்ப்பு பூச்சியமாவது வேறு. நுளம்பு இங்கேயே இருக்கிறது. விமானத்திலும் படகிலும் ஒட்டுண்ணி வந்துகொண்டிருக்கிறது. நோயைக் காணாத இளந்தலைமுறையின் உடலில் எதிர்ப்புச் சக்தி இல்லை. இளம் வைத்தியர்கள் பலர் மலேரியா நோயாளி ஒருவரைக்கூடப் பார்த்ததில்லை. மூன்று கண்ணிகளும் ஒன்றுகூடாமல் இடையே நிற்பது அந்தச் சில நூறு ஊழியர்களின் விழிப்பு ஒன்றே.

பெரியப்பா இன்று இல்லை. அவருடைய கேள்விக்கு விடை சொல்ல எனக்குச் சந்தர்ப்பம் கிடைக்கவில்லை. பத்திரிகை அலுவலகங்களில் இன்று செய்தி மேசையில் அமர்ந்திருக்கும் இளைஞர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். எங்கோ ஒரு கிராமத்து வைத்தியசாலையில் வரிசை வழக்கத்தைவிடச் சற்று நீண்டிருக்கிறது என்று ஒரு குறிப்பு வந்தால், அதனைக் கூடையில் போடாதீர்கள்.